லீவு நாளில் எரிந்த அடுப்பு

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கே ஜரினா மிட்டாய்ப் பெட்டிகளை மூன்றாவது தடவையாக எண்ணிவிட்டாள். பரீட்சை என்னவோ மருமகளுக்குத்தான். பயம் மாமியாருக்கு.

என்ன பரீட்சை என்பது வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நடுவில் விட்டுப்போனவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

கோவில்பட்டியில் ஜரினாவின் புருஷன் அப்துல் ரவூப்பின் கடலைமிட்டாய் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக வாரத்தில் ஏழு நாளும் அடுப்பு எரிந்தது. எரிந்தது என்று பேர்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காகப் பதினொன்றரைக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி பற்றவைக்க மூன்று மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பாகு காய்ச்சும் வேதமுத்துவும் பாதிப் பெண்களும் சர்ச்சுக்குப் போய், ஆராதனை முடிந்து, மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். பாகு இல்லாமல் மிட்டாய் ஏது? மீதிப் பெண்கள் அதுவரைக்கும் கடலைத் தோலை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லீவு என்றும் சொல்ல முடியாது, வேலை என்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு மருமகளாக வந்து ஒன்றரை வருஷமே ஆன தஸ்னீம் இதைப் பார்த்தாள். பார்த்ததோடு விடவில்லை. நொறுங்கியது, கருகியது, பதம் தப்பியது எல்லாம் போய் விழும் உடைசல் டின்களை மூன்று மாதம் நாள்வாரியாக எடைபோட்டு நோட்டில் எழுதிவைத்தாள். திங்கள், செவ்வாயில் அரை டின். வெள்ளியிலும் ஞாயிறிலும் இரண்டு டின், சில வாரம் மூன்று. ஏழு நாள் மாரடித்தும் வாரத்துக்கு அறுபது பெட்டிதான் தேறியது.

"வெள்ளியும் ஞாயிறும் பட்டறையைப் பூட்டிப் போடுவோம் மாமா. அஞ்சு நாள் போதும், அதுவும் சாயங்காலம் ஏழு மணியோட சரி. யார் சம்பளத்துலயும் கைவைக்க வேண்டாம். அதே அறுபது பெட்டி வரும்" என்றாள்.

ரவூப் ஒரு நாள் முழுக்க அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் நிபந்தனை போட்டார். "எட்டு வாரம் பாக்கலாம். அதுல ஒரே ஒரு வாரம் அறுபதுக்குக் கொறைஞ்சாலும் பழையபடி ஏழு நாள்தான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

ஏழு வாரம் தாண்டியாயிற்று. ஒரு வாரம் அறுபத்துமூன்றுகூட வந்தது. இது எட்டாவது வாரம். புதனும் வியாழனும் இரண்டு பெண்கள் காய்ச்சலில் படுத்துவிட, வியாழன் சாயங்காலம் நாற்பத்தைந்தில் நின்றது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பெட்டி வரும். இன்றைக்குப் பதினைந்து வேண்டும்.

*

"அக்கா, பதினஞ்சு வந்துருமா?"

வெட்டும் பலகைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே ஜெயகுமாரி கேட்டாள். பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பெட்டிக்குள் பாக்கெட்டை அடுக்குவதில் அவள் கைக்கு ஈடு இல்லை.

"வரும் ஏட்டி. வராம எங்க போகும்" என்றாள் ஜரினா, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"இந்த எட்டு வாரமா ஞாயித்துக்கிழமை எம் மக ஆஸ்லின் என்கூட உக்காந்து சோறு திங்குதா அக்கா. அவளுக்கு இப்ப ஒன்பது வயசு. இதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமைகூட அப்படித் தின்னதில்ல. திரும்பவும் ஏழு நாளுன்னா அவகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?"

ஜரினா அடுப்படியைப் பார்த்தாள். வேதமுத்து வெல்லப்பாகைக் கிண்டிக்கொண்டிருந்தார். கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டில் எறிவார். 'டங்' என்று கேட்டால் பதம். அப்போதே கடலையைக் கொட்ட வேண்டும். அரை நிமிஷம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். அரை நிமிஷம் பிந்தினால் கசக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தவர் அவர்.

முதல் ஈடு, அதாவது ஒரு பெட்டிக்கான பத்துக் கிலோ, பலகைக்கு வந்தது. ஜெயகுமாரி ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். முகம் கோணியது.

"அக்கா, கசக்குது."

பத்துக் கிலோவும் உடைசல் டின்னுக்குப் போனது. இரண்டாவது ஈடு வந்தது. அதுவும் கசந்தது. பதினான்கு பேரும் வேதமுத்துவையே பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

தஸ்னீம் கடலை வறுக்கும் பக்கமிருந்து வந்தாள். கசந்த துண்டை மென்றாள். கோபம் வரவில்லை. நெற்றிதான் சுருங்கியது.

"மாமி, ஏழு வாரமா சனிக்கிழமை காலைல ஒரு ஈடுகூடத் தப்பினது கிடையாது. லீவு முடிஞ்சு வாற அன்னைக்கு அண்ணாச்சி கை நல்லா இருக்கும். இன்னைக்கு என்ன?"

என்ன என்று ஜரினாவுக்கு அப்போதுதான் சுருக்கென்று பட்டது.

*

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போன ரவூப் திரும்பும்போது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. கேட்டதற்கு, "பள்ளிவாசல்ல கூட்டம்" என்றார். காலையில் அந்த வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது கையெல்லாம் பிசுபிசுத்தது. விறகுப் புகையும் வெல்லமும் மணத்தன. எந்தப் பள்ளிவாசலில் கூட்டத்துக்கு வெல்லம் காய்ச்சுகிறார்கள்?

ஜரினா பின்கட்டில் இருந்த சரக்கறைக்குப் போனாள். கடலை மூட்டைகளுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. தூக்கினாள். உள்ளே ஆறு தட்டு மிட்டாய். கோணல்மாணலாக வெட்டியிருந்தது. தன் புருஷன் கைவெட்டு என்று பார்த்த உடனே தெரிந்தது. பெருவிரலால் ஒரு துண்டை அழுத்தினாள். அழுந்திக் குழி விழுந்தது. பதம் வராத பாகு.

வாசலில் நிழல் தட்டியது. ரவூப் நின்றார்.

"பள்ளிவாசல் பேரைச் சொல்லியா பொய் சொன்னீங்க?" என்றாள் ஜரினா. "அந்தப் பிள்ளையத் தோக்கடிக்கணும்னா நேரா சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. லீவு நாள்ல அந்த மனுஷனைக் கூட்டிவந்து அடுப்புல நிப்பாட்டி, இன்னைக்கு அவரு கண்ணு சொருகி நிக்குதாரு. நெனைச்சது நடந்துருச்சா?"

"ஏ ஜரினா, மெள்ளப் பேசு."

"என்னத்துக்கு மெள்ளப் பேசணும்?"

"தோக்கடிக்கவா?" ரவூப் அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "நாப்பத்தஞ்சுல நின்னுதுல்லா. பதினஞ்சு வராதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ள தோத்துரக் கூடாதுன்னுதான் நேத்து ராத்திரி வரைக்கும் ஆறு ஈடு போட்டோம். இன்னைக்குச் சரக்கோட சேத்து வச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது? நான் வச்ச நிபந்தனையில நானே மாட்டிக்கிட்டேன். வேற என்ன செய்யச் சொல்லுத?"

ஜரினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன். ஜும்ஆ சட்டையோடு மிட்டாய் வெட்டியிருக்கிறார். மருமகள் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, மருமகள் வைத்த லீவையே திருடியிருக்கிறார். இவரைத் திட்டுவதா, திருஷ்டி கழிப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

"மாமா."

தஸ்னீம் கதவருகே நின்றாள். அவளுக்குப் பின்னால் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வேதமுத்து.

"பாய் மேல தப்பில்ல தாயி" என்றார் வேதமுத்து. "அவரு போன் போட்டாரு. நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. உனக்காகத்தான்னு சொன்ன பெறவு எப்படிச் சொல்லுவேன்? தனியா வறுத்து, தனியா வடிகட்டி, தனியாக் கிண்டி... காலைல எந்திரிச்சா காதுக்குள்ள ஒரே இரைச்சல். தட்டுல எறிஞ்சா சத்தமே புடிபட மாட்டேங்குது."

தஸ்னீம் தட்டுகளைப் பார்த்தாள். மாமனாரின் கோணல் வெட்டைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"என் மேல நம்பிக்கை இல்லையா மாமா?"

"உன் மேல இருக்கு. அஞ்சு நாள் மேலதான் இல்ல" என்றார் ரவூப்.

*

மணி பத்தேகால். இன்றைய கணக்கில் ஒரு பெட்டிகூட இல்லை. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்திருப்பார்கள். ரவூப்பின் கை ஏற்கெனவே விறகு அடுக்கின் பக்கம் போயிருந்தது.

தஸ்னீம் அடுப்பை அணைக்கச் சொன்னாள்.

"அண்ணாச்சி, நீங்க போய்ப் படுங்க. பின்கட்டுல பாய் விரிச்சிருக்கேன். நீங்களா எந்திரிக்கிற வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டோம்."

"பதினஞ்சு ஈடு கெடக்கு தாயி!"

"கெடக்கட்டும்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார் ரவூப். "கடைசி நாள்ல அடுப்பை அணைச்சா வெளங்குமா?"

"மாமா, கசந்த பாகைப் பதினஞ்சு தடவை காய்ச்சினாலும் பெட்டி நெறையாது. டின்னுதான் நெறையும்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அடுப்பு வாயிலிருந்து கட்டையை அவளே வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். ஜரினா பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வீட்டில் முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள் அவள். அவசரமான வேளையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு நாளும் அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை. இருபத்தாறு வயசுப் பிள்ளைக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று மலைத்துப்போனாள். அவளை நினைத்தால் பெருமையாக இருந்தது. பயமும் விடவில்லை.

வேதமுத்து படுத்த இரண்டாவது நிமிஷம் குறட்டை கேட்டது.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பதினைந்து ஈட்டுக்கு வேண்டிய கடலையை வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்து, எடைபோட்டு, வரிசையாகத் தட்டுகளில் வைத்தார்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் குண்டான்களில் நிரப்பினார்கள். வேதமுத்து எழுந்தால் பாகைத் தவிர வேறு எதற்கும் திரும்பக் கூடாது என்பது தஸ்னீமின் ஏற்பாடு. ஜெயகுமாரி அட்டைப் பெட்டிகளை மடித்துச் சுவர் உயரத்துக்கு அடுக்கிவிட்டாள்.

ரவூப்தான் பாவம். பின்கட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். சந்துக்குள் யாரோ ஆரன் அடித்தபடி வந்தான். "ஏலே, அங்கன நிப்பாட்டு! ஆளு தூங்குதாரு!" என்று பாய்ந்தார். அவர் போட்ட சத்தத்தில் வேதமுத்து புரண்டு படுத்தார். ஜரினா தலையில் அடித்துக்கொண்டாள்.

மதியத்து லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் சத்தத்தில் வேதமுத்து தானாக எழுந்தார். குழாயடியில் முகம் கழுவினார். ஜரினா கொடுத்த சாப்பாட்டை மளமளவென்று சாப்பிட்டார். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அடுப்பு எரிந்தது.

பாகு நுரைத்தது. வேதமுத்து ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் எறிந்தார்.

'டங்.'

"கொட்டு!" என்றார். அந்தக் குரலில் இருபது வயசு குறைந்திருந்தது.

*

அதற்குப் பிறகு நடந்ததை ஜரினா வாழ்நாளில் மறக்கமாட்டாள். நாற்பது நிமிஷம் இழுக்கும் ஈடு அரை மணிக்கு ஒன்றாக இறங்கியது. வேதமுத்து கேட்பதற்கு முன்னால் கடலைத் தட்டு பக்கத்தில் இருந்தது. பலகையில் கொட்டுவதற்கு முன்னால் பரப்பும் உருளையோடு ஆள் நின்றது. ஒருவரும் ஓடவில்லை, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழவில்லை. உடைசல் டின்னில் காலையில் போட்டதற்கு மேல் ஒரு கைப்பிடிகூட விழவில்லை. தூங்கி எழுந்த ஒரு ஆளும் ஒழுங்காக வைத்த பதினைந்து தட்டும் சேர்ந்தால் வேலை இப்படியும் நடக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஏழு மணிக்கு அடுப்பை அணைப்பது வழக்கம். ஏழு அடித்தபோது ஜெயகுமாரி பன்னிரண்டாவது பெட்டியை ஒட்டினாள்.

ஐம்பத்தேழு.

மூன்று பெட்டி குறைந்தது.

"ஒன்றரை மணி நேரம்தான் தாயி" என்றார் வேதமுத்து. "நான் நிக்குதேன். மூணையும் இறக்கிருவேன்."

"நாங்களும் நிக்குதோம்" என்றாள் ஜெயகுமாரி. "கடைசி பஸ்ஸுல போய்க்கிடுதேன்."

தஸ்னீமின் கண் கலங்கியிருந்தது. ஜரினாவுக்கு அது தெரிந்தது. சரி என்று ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் வேண்டும். எட்டு வாரப் பாடும் கரையேறிவிடும்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் தஸ்னீம். "ஏழு மணியோட சரின்னு சொன்னது நான்தான். ஜெயிக்கறதுக்காக அதை நானே மீறினேன்னா, அடுத்த வாரம் எட்டு மணி ஆகும். அதுக்கடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அரை நாள் ஆகும். எல்லாரும் கை கழுவிட்டுக் கிளம்புங்க." மாமனார் பக்கம் திரும்பினாள். "மூணு கொறைஞ்சு போச்சு மாமா. நிபந்தனை நிபந்தனைதான். நாளைக்கு அடுப்பு பத்தவைக்கணுமா, இப்பவே சொல்லிருங்க. அவிய எல்லாரும் தெரிஞ்சிக்கிட்டுப் போகட்டும்."

ஒருவரும் கிளம்பவில்லை. ஜெயகுமாரி டிபன் தூக்கைப் பிடித்தபடி நின்றாள்.

ரவூப் வந்து பெட்டிகளுக்கு முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார். இருபத்திரண்டு வருஷ முதலாளி. பதினான்கு பேருக்கு முன்னால் தப்பை ஒத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"நேத்து நான் வேதமுத்துவ வரச் சொன்னேன்" என்றார். "லீவு நாள்ல. ஆறு ஈடு போட்டோம், ஆறும் குப்பை. அந்தக் களைப்புல இன்னைக்குக் காலைல ரெண்டு போச்சு. அவரு படுத்திருந்த நேரத்துல நாலு போச்சு. நேத்து அந்த மனுஷனைச் சும்மா வீட்டுல இருக்க விட்டிருந்தா, இங்கன அறுபத்துமூணு பெட்டி இருந்திருக்கும்."

அவர் ஒரு பெட்டியை இழுத்து வரிசையில் சரியாக வைத்தார்.

"ஒரு நாள் கூடுதலா வேலை வாங்குனேன். ஆறு பெட்டி நட்டம். நானும் இத்தனை வருஷமா..." கையை மட்டும் வீசினார். "நாளைக்கு லீவு. வெள்ளிக்கிழமையும் லீவு. இந்த வாரத்துக்கு மட்டும் இல்ல, எல்லா வாரத்துக்கும். போங்க, போங்க, பஸ்ஸை விட்டுராதீங்க."

ஜெயகுமாரி தூக்கைக் கீழே வைத்துவிட்டு, தஸ்னீமைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். ஜரினா தன் புருஷனைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவர் மேல் இவ்வளவு ஆசை வந்ததாக அவளுக்கு நினைவில்லை.

*

பெண்கள் சந்து முனை திரும்புவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் எதிரே வந்து பட்டறை வாசலில் நின்றது. அடுத்த தெருவில் தீப்பெட்டி பட்டறை வைத்திருக்கும் கொம்பையா. வண்டியை விட்டு இறங்கவில்லை.

"பாய், நல்லா இருக்கா இது?" என்றார். "எம் பட்டறையில ஒன்பது பேரு இன்னைக்கு வேலைய முடிச்சிட்டு, நாளையில இருந்து ஞாயித்துக்கிழமை வர மாட்டோம்னு சொல்லிட்டுப் போறாளுக. கேட்டா, 'ரவூப் பாய் வீட்டு மருமகளப் பாருங்க'ங்காளுக. உங்க வீட்டு வெளையாட்டை ஊருக்குள்ள எதுக்கு விடுதீங்க?"

"வாங்க அண்ணாச்சி, ஒரு டீ குடிங்க" என்றார் ரவூப்.

"டீ குடிக்க வரல. நாளைக்குச் சாயங்காலம் பட்டறைக்காரங்க சங்கத்துல கூட்டம் போட்டிருக்கோம். வெல்ல மண்டிக்காரரும் வாராரு. உங்களுக்கு அவரு வெல்லம் போடணுமா வேண்டாமான்னே அங்கனதான் பேசப்போறோம். நீங்க வர வேண்டாம். இந்தப் பிள்ளைய அனுப்புங்க. ஏழு நாள் வேலைய அஞ்சு நாள்ல எப்படி முடிக்கான்னு எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்."

ரவூப்பின் முகம் வெளுத்தது. ஜரினா மருமகளின் கையைப் பிடித்தாள். வெல்ல மண்டி கைவிட்டால் பட்டறை ஒரு வாரம் தாங்காது.

தஸ்னீம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள்.

"கட்டாயம் சொல்லுதேன் அண்ணாச்சி. நோட்டெல்லாம் எடுத்துக்கிட்டே வாரேன். ஆனா நாளைக்கு முடியாது."

"ஏன்?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்லா" என்றாள் தஸ்னீம். "எனக்கு லீவு. கூட்டத்தைத் திங்கக்கிழமைக்கு மாத்துங்க."